மாஸ்டர் பிளானுக்கே சுற்றுச்சூழல் மதிப்பீடு: எப்போது தொடங்குவது, எப்படிச் செய்வது, எங்கே கெடுகிறது

கேள்வி இது: தொழிற்சாலை, அணை, நெடுஞ்சாலை என ஒவ்வொன்றுக்கும் தனியே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்கிறோம். அப்படியிருக்க, அதற்கு மேலே உள்ள மாஸ்டர் பிளான் (ஊரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டம்), மின்சாரத் திட்டம், கழிவு மேலாண்மைத் திட்டம் போன்றவற்றுக்கும் எதற்கு இன்னொரு மதிப்பீடு? செய்தால் என்னென்ன படிகள்?

தனித் திட்டத்துக்கான மதிப்பீடு மேசைக்கு வரும்போது பெரிய முடிவுகள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். மின் நிலையம் தேவையா, தேவையென்றால் நிலக்கரியா காற்றாலையா, எந்தக் கடற்கரையில், எத்தனை என்பதெல்லாம் அதற்கு முன்பே மேலே தீர்மானமாகிவிடும். கீழே வரும் அறிக்கைக்கு மிச்சமிருப்பது புகைபோக்கியின் உயரம், சுத்திகரிப்பு நிலையத்தின் அளவு, எத்தனை மரம் நடுவது போன்றவை. அவையும் முக்கியம்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை. அதை மேல்மட்டத்தில், முடிவு எடுப்பதற்கு முன்னால் கேட்பதற்கான முறைதான் உத்திசார் சுற்றுச்சூழல் மதிப்பீடு. இலங்கையில் மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு என்பார்கள். சுருக்கமாக எஸ்.இ.ஏ.

இன்னொரு காரணம், சேர்ந்து வரும் பாதிப்பு. உத்தராகண்டில் அலக்நந்தா, பாகீரதி ஆறுகளில் நீர்மின் திட்டங்கள் ஒவ்வொன்றாக அனுமதி பெற்று வரிசையாக எழுந்தன. ஒரு திட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றில் நீர் குறையும், அவ்வளவுதான். மொத்தமாகப் பார்த்தால் ஆறு சுரங்கக் குழாயிலிருந்து நீர்த்தேக்கத்துக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து அடுத்த சுரங்கக் குழாய்க்கும் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஆறாக ஓடும் தூரம் எவ்வளவு என்பது எந்தத் தனி அறிக்கையிலும் வராது. 2013 ஜூன் வெள்ளப் பேரழிவுக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மாநிலத்தில் புதிய நீர்மின் திட்டங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று சொல்லி, ஒட்டுமொத்தப் பாதிப்பை ஆராய நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னது. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் 24 திட்டங்கள் உயிரினப் பன்மைக்குக் கணிசமான பாதிப்பை உண்டாக்கும் என்று சொல்லியிருந்ததும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. இந்தக் கணக்கு முதல் அணைக்கு முன்பே, ஆற்றுப்படுகை முழுமைக்கும் போட்டிருக்க வேண்டியது.

எந்தத் திட்டத்துக்கு வேண்டும்?

இதில் தெளிவான சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது: 2001/42 என்ற எண்ணுள்ள உத்தரவு. 2001 ஜூன் 27 அன்று வந்தது. உறுப்பு நாடுகள் 2004 ஜூலை 21-க்குள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதையொட்டி ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் 2003-ல் கீவ் நகரில் ஏற்கப்பட்ட நெறிமுறை, 2010 ஜூலை 11 முதல் நடைமுறையில் உள்ளது. பல நாடுகளில் செய்யப்படும் எஸ்.இ.ஏ.க்கள் ஏறக்குறைய இந்த அச்சில்தான் இருக்கின்றன; ஆகவே அதையே அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன்.

அரசு அமைப்பு ஒன்று தயாரிக்கும் அல்லது ஏற்கும் திட்டம், சட்டத்தாலோ நிர்வாக விதியாலோ கோரப்படுவது, வேளாண்மை, வனம், மீன்வளம், எரிசக்தி, தொழில், போக்குவரத்து, கழிவு, நீர், தொலைத்தொடர்பு, சுற்றுலா, நகரமைப்பு, நிலப் பயன்பாடு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்தது, பின்னால் வரப்போகும் தனித் திட்டங்களின் அனுமதிக்குச் சட்டகம் போடுவது (எதை, எங்கே, எந்த நிபந்தனையில் அனுமதிக்கலாம் என்று வரையறுப்பது): இவை நான்கும் பொருந்தினால் மதிப்பீடு கட்டாயம். வரவு செலவுத் திட்டம், நிதித் திட்டம், நாட்டின் பாதுகாப்பு, அவசரகாலத் திட்டம் ஆகியவற்றுக்கு விலக்கு. சிறிய பகுதிக்கான உள்ளூர்த் திட்டம், இருக்கும் திட்டத்தில் சிறு மாற்றம் என்றால், கணிசமான பாதிப்பு வருமா என்று முதலில் வடிகட்டிப் பார்த்தால் போதும். ஆனால் ‘வராது’ என்று முடிவு செய்தால் காரணத்தை எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும்.

சண்டை வருவது நான்காவதில்தான். எது ‘சட்டகம் போடுகிறது’? பிரிட்டனில் ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் வழக்கில், அரசு வெளியிட்ட ஆவணம் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அது சட்டகம் அல்ல என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்ப்பக்கத்தில், பெல்ஜியத்தின் வலோனியப் பகுதி காற்றாலைகளுக்கான சத்தம், நிழல் வரம்பு முதலிய விதிகளைப் பொது ஆணையாக வெளியிட்டபோது, அதுவே ஒரு திட்டம்தான், மதிப்பீடு வேண்டும் என்று 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-ல் அதே நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியின் காற்றாலை விதிகளுக்கும் அதே முடிவு. தலைப்பில் ‘திட்டம்’ என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல், நாளை ஒரு விண்ணப்பம் வரும்போது அதிகாரி இந்த ஆவணத்தைத் திறந்து பார்த்து முடிவெடுப்பாரா என்று பாருங்கள். பார்ப்பார் என்றால் மதிப்பீடு செய்வதே பாதுகாப்பு.

எல்லை வகுத்தலும் இன்றைய நிலையும்

வடிகட்டல் முடிந்ததும் எதை ஆராய்வது, எவ்வளவு ஆழமாக என்று எல்லை வகுக்க வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்று குறிப்பிட்ட துறைகளிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அவர்களுக்கு 5 வாரம். உத்தரவின் பட்டியல் நீளமானது: உயிரினப் பன்மை, மக்கள், உடல்நலம், மண், நீர், காற்று, தட்பவெப்பம், கட்டடம் முதலான சொத்துகள், பண்பாட்டுச் சின்னங்கள், நிலக்காட்சி. அனுபவமில்லாத குழு இந்தப் பட்டியல் முழுவதையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டு 600 பக்கம் எழுதும். முடிவெடுப்பவர் ஒரு பக்கமும் படிக்க மாட்டார். கடலோரக் கழிவுத் திட்டத்துக்கு நிலத்தடி நீர், துர்நாற்றம், லாரிப் போக்குவரத்து, மீத்தேன் ஆகிய நான்கும்தான் முடிவை மாற்றக்கூடியவை என்றால் அந்த நான்கில் ஆழமாகப் போங்கள். மற்றவற்றை ஏன் விட்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும்.

அடிப்படை நிலையைப் பதிவு செய்யும்போது இன்றைய அளவு மட்டும் போதாது. இந்தத் திட்டமே வராவிட்டால் அந்த இடம் எந்தப் போக்கில் போகும் என்பதும் வேண்டும். உத்தரவே அதைக் கேட்கிறது. கிணற்று நீர்மட்டம் 12 மீட்டர் என்று எழுதுவதால் பயன் குறைவு. பத்தாண்டுக்கு முன் 7 மீட்டராக இருந்து 12-க்கு இறங்கியது என்று எழுதினால்தான், இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியே எழும். புதிதாக அளவெடுக்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது, தேவையும் இல்லை. துறைகளிடம் கிடக்கும் தரவைத் திரட்டி ஒரே வரைபட அளவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. தரவு இல்லாத இடத்தில் இல்லை என்று அறிக்கையில் எழுதுங்கள்; அதையும் சட்டம் கேட்கிறது.

மாற்று வழிகள்: மதிப்பீட்டின் உயிர்

இந்த ஒரு பகுதி ஒழுங்காக இருந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இது இல்லையென்றால் மற்றவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நகரத்தின் 20 ஆண்டுத் திட்டத்தில் 10,000 வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 40,000 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு இந்தியாவில் எடுத்துக்கொள்ளும் அளவு ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர். ஆக 54 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும்: 43.2 லட்சம் லிட்டர். இது எந்த இடத்தைத் தேர்ந்தாலும் மாறாது. மாறுவது மற்றவை. ஏரிக்கு மேற்கே காலி நிலத்தில் ஹெக்டேருக்கு 40 வீடு என்று பரப்பினால் 250 ஹெக்டேர் வேண்டும், புதிய சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும், அது வெளியேற்றும் நீர் ஏரிக்குத்தான் போகும். ரயில் நிலையத்தை ஒட்டி ஹெக்டேருக்கு 100 வீடு என்றால் 100 ஹெக்டேர் போதும். இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தையே பயன்படுத்தலாம். ஆனால் அதில் மிச்சமுள்ள கொள்ளளவு 30 லட்சம் லிட்டர்தான் என்றால் 13.2 லட்சம் லிட்டருக்கு வழியில்லை. மூன்று சிறு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நிலச்சுமை பரவும், கார் பயணம் கூடும்.

இரண்டாவது மாற்றில் இன்னும் சற்று நிற்கலாம். ஒரு வீட்டின் கழிவுநீர் நாளுக்கு 432 லிட்டர். 30 லட்சத்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 6,940 வீடுகள். அதாவது ‘சுத்திகரிப்பு நிலையம் விரிவாக்கப்பட்டு இயங்கத் தொடங்கும்வரை 6,900 வீடுகளுக்கு மேல் குடியேற அனுமதி இல்லை’ என்று திட்டத்தின் விதியாகவே எழுத முடியும். ‘உரிய தணிப்பு நடவடிக்கைகள் எடுக்கப்படும்’ என்ற வரி யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. 6,900 என்ற எண் கட்டுப்படுத்தும். பத்தாயிரம் வீடுகளும் இருநூறு வீடுகளாகப் பிரிந்து ஐம்பது விண்ணப்பங்களாக வந்தால், எந்த விண்ணப்பத்திலும் இந்த எண் கண்ணில் படாது.

மாற்று என்பது இடம் மட்டும் அல்ல. தேவையைக் குறைக்க முடியுமா, வேறு முறையில் நிறைவேற்ற முடியுமா, எங்கே, எப்போது, எந்த வரிசையில் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். நெடுஞ்சாலைத் திட்டத்தில் வடக்கு வழி, தெற்கு வழி என்று இரண்டு கோடு போட்டுவிட்டு மாற்று முடிந்தது என்பது, சாலைதான் வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டிக் குதிப்பது.

மாற்றுகளை ஒப்பிடப் பொதுவாக அட்டவணை போடுவார்கள். இடப்பக்கம் நோக்கங்கள், மேலே மாற்றுகள், கட்டத்தில் இரட்டைக் கூட்டல் முதல் இரட்டைக் கழித்தல் வரை குறிகள், தெரியாததற்குக் கேள்விக்குறி. அட்டவணை நல்ல கருவி, குறிகளைக் கூட்டாதவரை. ஐந்து கூட்டல், மூன்று கழித்தல், ஆகவே நல்ல திட்டம் என்று எழுதுவதைப் பல அறிக்கைகளில் பார்க்கலாம். நகருக்குக் குடிநீர் தரும் ஒரே நீர்த்தாங்கி (நிலத்தடி நீரைத் தாங்கும் பாறை அடுக்கு) கெடுவதை ஐந்து பூங்காக்கள் ஈடு செய்யாது. ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஏன், எவ்வளவு, எவ்வளவு காலம், திரும்ப மீட்க முடியுமா என்ற ஒரு வாக்கியம் இருந்தால்தான் அந்தக் குறிக்கு மதிப்பு.

எங்கே கெடுகிறது

எல்லாவற்றுக்கும் தலையாய தவறு, தாமதம். திட்டத்தை ஒரு குழு எழுதி முடித்த பிறகு, மதிப்பீட்டை வேறொரு ஆலோசகரிடம் கொடுப்பது. அவர் முடிந்துபோன முடிவுக்குக் காரணம் தேடி எழுதுவார். வட அயர்லாந்தில் இரண்டு வட்டாரத் திட்டங்களை எதிர்த்து வந்த வழக்கில், வரைவுத் திட்டம் வெகுதூரம் போன பிறகே சுற்றுச்சூழல் அறிக்கை தொடங்கப்பட்டது என்பதை 2007-ல் உயர் நீதிமன்றம் குறையாகச் சொன்னது. அறிக்கையும் வரைவும் சேர்ந்தே வளர வேண்டும், மக்கள் கருத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்றது. உத்தரவின் 4-ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்: தயாரிக்கும்போது, ஏற்பதற்கு முன்.

அடுத்தது, தோற்பதற்கென்றே நிறுத்தப்பட்ட மாற்றுகள். இங்கிலாந்தில் நாரிச் நகரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் போட்ட வளர்ச்சித் திட்டத்தில், நகரின் வடகிழக்கில் பெரிய குடியிருப்புப் பகுதி முன்வைக்கப்பட்டது. முன்வைத்த அந்தத் தேர்வு ஆழமாக ஆராயப்பட்டது, மற்றவை அதே ஆழத்தில் ஆராயப்படவில்லை. 2012-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியைத் திருப்பி அனுப்பி, மாற்றுகளைச் சமமாக ஆராய்ந்து மறுபடி கொண்டுவரச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு நியூமார்க்கெட் வழக்கில், எந்த மாற்று எந்தக் கட்டத்தில் ஏன் கைவிடப்பட்டது என்பது இறுதி அறிக்கையைப் படிப்பவருக்குத் தெரியவில்லை என்பதற்காகவே திட்டத்தின் வீட்டு எண்ணிக்கைப் பகுதி ரத்தானது. ஆகவே, கைவிட்ட மாற்றுகளுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, மாற்று, கைவிட்ட காரணம், ஆதாரம். ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது.

மூன்றாவது, தள்ளிவிடுதல். ‘விவரமான பாதிப்புகள் தனித் திட்ட அளவில் ஆராயப்படும்’ என்று மேலே எழுதுவார்கள். கீழே வந்தால் ‘இடத்தேர்வு ஏற்கெனவே மேல்நிலைத் திட்டத்தில் முடிவானது’ என்பார்கள். இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் கேள்வி காணாமல் போய்விடும். எதை இங்கே முடிக்கிறோம், எதைக் கீழே விடுகிறோம் என்று ஒரு பக்கப் பட்டியல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும்.

திட்டத்தை ஏற்ற பிறகு ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட வேண்டும்: அறிக்கையையும் மக்கள் கருத்தையும் எப்படிக் கணக்கில் எடுத்தோம், இந்த மாற்றை ஏன் தேர்ந்தோம், எப்படிக் கண்காணிப்போம். பலர் இதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். கண்காணிப்பு இன்னும் மோசம். எதிர்பாராத பாதிப்பை முன்கூட்டிக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் உத்தரவின் 10-ஆம் பிரிவு கேட்பது. அதற்கு அளவுகோல், அளக்கும் துறை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வோம் என்ற நான்கும் வேண்டும். நான்காவது இல்லாத கண்காணிப்பு, கோப்பில் எண் நிரப்பும் வேலை.

இலங்கையின் வடக்கும் தமிழ்நாடும்

தமிழர் வாழும் நிலத்தில் முழுப் பிராந்தியத்துக்கும் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று உண்டு. 2009-ல் போர் முடிந்த பின், இலங்கையின் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனர்த்த முகாமைத்துவ (பேரிடர் மேலாண்மை) நிலையமும் ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களுக்குமான ஒருங்கிணைந்த மூலோபாய மதிப்பீட்டைச் செய்து 2014-ல் வெளியிட்டன. காடு, தொல்லியல், நீர், கனிமம், இடர் அபாயம் என்று தனித்தனித் துறைகளிடம் இருந்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே எதைக் கட்டலாம், எங்கே தொடக்கூடாது என்று பார்த்த வேலை அது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று துறைகள் உரிமை கோருவது அடுக்கும்போதுதான் தெரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு நிலமே சாட்சி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல் நிலத்தடி நீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் குகையும் அதிகம். மேலே விழுவது வேகமாகக் கீழே இறங்கும். தோட்ட உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட்) ஏறுவது நீண்டகாலமாக ஆராயப்பட்டுவரும் பிரச்சினை. ஒரு வீட்டின் மலக்குழியைத் தனியே எடுத்தால் தப்பில்லை. ஒரு குடியேற்றத் திட்டம் முழுவதும் சிறு காணிகளில் கிணறும் குழியுமாக அமைந்தால் நீர்த்தாங்கியே பாழாகும். காணியின் குறைந்தபட்ச அளவு, குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி, பொதுக் கழிவுநீர்த் தொகுதி எங்கே வேண்டும் என்பவை வீடமைப்புத் திட்டம் போடும் நாளில் முடிவாக வேண்டியவை.

இந்தியாவில் 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தனித் திட்டங்களை மட்டுமே பிடிக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் தயாராகும் முழுமைத் திட்டங்களுக்கு இப்படியொரு மதிப்பீட்டை அந்த அறிவிக்கை கோரவில்லை. இதன் விலை என்ன என்பதற்கு வட சென்னையின் மணலி போதும். ஒவ்வொரு ஆலையும் தனித்தனியே வந்து சேர்ந்த பிறகு, 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது மணலிக்கு 76.32, கடலூருக்கு 77.45. 70-ஐத் தாண்டினாலே ‘மிக மோசமாக மாசுபட்ட பகுதி’. 2010 ஜனவரியில் அத்தகைய 43 பகுதிகளில் புதிய அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒட்டுமொத்தச் சுமை என்ன என்ற கேள்வி, ஆலைகள் எல்லாம் வந்த பிறகு கேட்கப்பட்டது.

சட்டம் கோராவிட்டாலும், முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தர வழி இருக்கிறது. பொதுவாக ‘சுற்றுச்சூழல் பாதிக்கப்படும்’ என்று எழுதினால் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று பதில் வரும். அதைவிட, வரைவில் உள்ள மக்கள்தொகைக் கணிப்பை எடுத்து மேலே போட்ட கணக்கை அந்த ஊருக்குப் போடுங்கள். இத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் எந்த நீராதாரத்திலிருந்து, இத்தனை லட்சம் லிட்டர் கழிவுநீர் எந்த நிலையத்துக்கு, அதன் இன்றைய மிச்சக் கொள்ளளவு என்ன என்று கேளுங்கள். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்பாக மாறும் ஒவ்வொரு பெரிய துண்டுக்கும் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அது வருவாய்ப் பதிவேட்டில் ஏரியா, கழுவெளியா (சதுப்பு நிலம்), வாய்க்கால் புறம்போக்கா என்று சேர்த்தே எழுதுங்கள். அதற்குப் பதிலாக எந்த இடங்கள் பரிசீலிக்கப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கேளுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையையும், நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால், கேள்வி உரிய காலத்தில் கேட்கப்பட்டது என்பதற்கு அதுதான் சான்று.